கழற்றிய கேபிளில் கேட்ட குரல்

இது நடந்தது. யாருக்கு நடந்ததோ அவனை எனக்குத் தெரியும். பெயர் ஓஸ்னியேல். கியூபாவில், சாந்தா கிளாராவில் மின்பொறியியல் படித்தவன். சாமி, பேய் எதையும் நம்பாதவன். இதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வான். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடுராத்திரியில் நடக்கவில்லை. மதியம். சுள்ளென்று வெயில். ஜன்னல்கூடத் திறந்துதான் கிடந்தது.

மாணவர் விடுதியின் எட்டாவது மாடியில் ஓஸ்னியேலும் வில்பெரும் ஒரே அறை. ஆளுக்கொரு பழைய கணினி. இரண்டுமே கிடைத்த உதிரிகளைப் பொறுக்கிச் சேர்த்துக் கட்டியவை. ஓஸ்னியேலுடைய ஹார்ட் டிஸ்க் சாகக் கிடந்தது. உள்ளே டக்... டக்... என்று சத்தம். நான்கு வருட உழைப்பு, அவனுடைய ஆய்வேடு, முழுவதும் அதற்குள்தான். வேறு பிரதி கிடையாது. பென் டிரைவ் என்பதை அந்த விடுதியில் அப்போது யாரும் கண்ணால் பார்த்ததில்லை. டிஸ்க் நிற்பதற்குள் எல்லாவற்றையும் வில்பெரின் கணினிக்கு மாற்றியாக வேண்டும். இருந்தது ஒரே வழி. இரண்டு கணினிக்கும் நடுவில் ஒரு நெட்வொர்க் கேபிள்.

இரண்டு கட்டிலுக்கும் இடையில் ஒரு பெரிய அலமாரி நின்றது. அதன் தலைமேல் கேபிளைப் போட்டு இரு பக்கமும் செருகினார்கள்.

"கேபிள் செருகின இடத்துல லைட் எரியலடா" என்றான் ஓஸ்னியேல்.

"முனையில கம்பியை நேரா வெச்சு அடிச்சிருப்ப. ரெண்டு மெஷினை நேருக்கு நேர் மாட்டினா கம்பியைக் குறுக்க மாத்தி அடிக்கணும். நாலு வருஷமா என்னத்தடா படிச்ச?" என்றான் வில்பெர்.

முனையை வெட்டிக் கம்பிகளை மாற்றி அடித்தார்கள். பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் ஒன்று கூப்பிட்டால் மற்றது பதில் சொல்லவில்லை. தேடிப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே முகவரி எண். அதை மாற்றியதும் பதில் வந்தது. கோப்புகள் நகரத் தொடங்கின. பாதியில் நின்றன. மறுபடி தொடங்கினார்கள். மறுபடி நின்றது. டிஸ்க்கின் டக் டக் வேகமாகிக்கொண்டே போனது.

"நான் மைக்ல பேசறேன். நீ ஹெட்போன்ல கேளு. குரல் விட்டு விட்டு வந்துச்சுன்னா கேபிள்தான் திருடன்" என்றான் வில்பெர். அலமாரிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தான். "ஒண்ணு... ரெண்டு... இன்னிக்கும் பட்டாணிக் கஞ்சி... நாளைக்கும் பட்டாணிக் கஞ்சி..."

குரல் சுத்தமாக வந்தது. கேபிளில் குற்றம் இல்லை.

"கீழ தண்ணி வந்திருச்சாம். புடிச்சுட்டு வந்துடறேன்." வில்பெர் வாளியை எடுத்துக்கொண்டு போனான். மைக் அவன் மேசைமேலேயே கிடந்தது.

ஓஸ்னியேல் ஹெட்போனைக் கழற்றவில்லை. கோப்புகளை மீண்டும் அனுப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிரீச்...

காதில் கட்டில் சத்தம். யாரோ உட்கார்கிற சத்தம்.

"அதுக்குள்ள வந்துட்டியா?"

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பிறகு அழுகை. பெண்ணின் அழுகை... அடக்கி அடக்கி அழுகிற அழுகை.

"சாப்பிட்டுத்தான் போனானா, எம்புள்ள?"

அந்தக் குரலை அவனுக்குத் தெரியும். வில்பெரின் அம்மா மிக்தாலியா. அவர் இருப்பது பரக்கோவாவில். தீவின் அந்தக் கோடி.

ஓர் ஆண் குரல் பதில் சொன்னது.

"சாப்பிட்டாம்மா. வயிறு நிறையச் சாப்பிட்டான்."

அது... ஓஸ்னியேலுடைய சொந்தக் குரல்.

அலமாரிக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தான். வில்பெரின் கட்டில் காலி. மேசைமேல் மைக். சுற்றிலும் யாரும் இல்லை.

கேபிளைப் பிடுங்கினான். பச்சை விளக்கு அணைந்தது.

அழுகை நிற்கவில்லை.

ஹெட்போனை இழுத்து எறிந்தான். அதன் வயரும் கணினியிலிருந்து கழன்றுகொண்டு வந்தது. அழுகை இப்போது ஸ்பீக்கரில் கேட்டது. ஓடினான்.

மாடிப்படியில் வாளியோடு ஏறி வந்த வில்பெர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தான். "எங்கம்மா இந்நேரம் பரக்கோவால காபி வடிகட்டிக்கிட்டு இருக்கும். வெறும் வயித்துல ஹெட்போன் மாட்டினா இப்படித்தான்டா மச்சான்."

திரும்பி வந்தபோது அறை அமைதியாக இருந்தது. டக் டக் சத்தமும் நின்றிருந்தது. டிஸ்க் செத்துவிட்டது. ஆய்வேடு போனது. ஓஸ்னியேலுக்கு அது ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை.

அன்றிலிருந்து அவன் வில்பெரை விட்டு விலகவில்லை. ஊருக்குப் போகிற லாரியில் ஏறவிடவில்லை. பால்கனிப் பக்கம் நிற்கவிடவில்லை. வில்பெர் தொடும் முன் ஒவ்வொரு சுவிட்சையும் தானே போட்டான்.

"நீ என்னடா, என் பொண்டாட்டியா?" என்று கேட்டான் வில்பெர்.

அந்த வாரமே நடந்தது. சாப்பாட்டுக் கூடத்து வரிசை. கையில் காலித் தட்டு.

"கால் வலிக்குது மச்சான். செத்த உக்காந்துக்கறேன்."

வில்பெர் படியில் உட்கார்ந்தான். தட்டு உருண்டு போனது. ஓஸ்னியேல் அதை எடுத்துக்கொண்டு திரும்பினான். அவ்வளவுதான். இதயம் என்றார்கள் மருத்துவர்கள். காலையிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

மிக்தாலியா வந்தார். மகனுடைய கட்டிலில் உட்கார்ந்தார். கிரீச்... அவனுடைய சட்டையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார்.

ஓஸ்னியேல் ஒரு முடிவோடு இருந்தான். அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது. சொல்லாவிட்டால் அன்று கேட்டது பொய். அது பொய்யாகிவிட்டால்... வில்பெர் செத்ததும் பொய்யாகிவிடலாம். பைத்தியக்காரத்தனம் என்று அவனுக்கே தெரியும். அவனிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

"சாப்பிட்டுத்தான் போனானா, எம்புள்ள?"

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"சொல்லுப்பா. சாப்பிட்டானா?"

வாயில் ரத்தம் கரித்தது. திறக்கவில்லை.

அலமாரிக்கு இந்தப் பக்கம்... அவனுடைய செத்த கணினி. மின்சார வயர் சுருட்டித் தரையில் கிடந்தது. அதன் ஸ்பீக்கர் கரகரத்தது.

"சாப்பிட்டாம்மா. வயிறு நிறையச் சாப்பிட்டான்."

அந்த அம்மா சட்டையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "நீ நல்லா இருப்பப்பா" என்றார்.

ஓஸ்னியேல் படிப்பை முடிக்கவில்லை. அறையைக் காலி செய்த அன்று, தாழ்வாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த நெரெய்தா அத்தை அவனை நிறுத்தினாள். அந்த மாடியைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான்.

"அன்னிக்கு மத்தியானம் ரேடியோவை அணைக்காமலே ஓடிட்டியேப்பா. நாடகம் பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஒரு அம்மா அழுதுச்சு. அது முடிஞ்சு கொஞ்சம் கழிச்சு இன்னொருத்தி..."

"எங்ககிட்ட ரேடியோவே இல்ல அத்தை."

அவள் துடைக்கும் கட்டையைச் சுவரில் சாய்த்தாள்.

"உம் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாளே..."

"வேற என்ன சொன்னா?"

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவன் பின்னாலேயே போனான். கெஞ்சினான். தாழ்வாரத்தின் கோடியில் நின்று, திரும்பாமலே கேட்டாள்.

"உனக்கு இன்னும் கல்யாணம் ஆகலைல்ல?"

"இல்ல."

"பண்ணிக்காத. அந்தப் பொண்ணு கத்தினதை நான் கேட்டேன்."