ஒரு சாண் பின்னால்

முன்னால் நடப்பவரின் முதுகுக்கு ஒரு சாண் பின்னால் அவள் வலது உள்ளங்கை விரிந்திருக்கிறது. அவர் சாய்ந்தால் கையும் சாய்கிறது, குனிந்தால் குனிகிறது. தொடுவதில்லை. கண்ணை மறைத்துத் தலையில் மாட்டிய கருவிக்குள் அவர் ஒரு கப்பலின் மேல்தளத்தில் நின்று அலை பார்த்துக்கொண்டிருக்கிறார். பின்னால் ஒரு பெண் வெறுங்காலோடு வந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியாது.

அவளுடைய இடது கை எதையோ பிடித்ததுபோல் மூடியிருக்கும். அதில் ஒன்றும் இல்லை. முன்பு அந்தக் கருவிக்கு நீளமான ஒயர் உண்டு. மாட்டியவர் கால் சிக்காமல் இருக்க அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒருவர் கூடவே போக வேண்டும். ஒயர் ஒழிந்து ஐந்து வருடமாகிறது. பழக்கம் ஒழியவில்லை. ‘கேபிள் அக்கா’ என்ற பெயரும் ஒழியவில்லை.

மெய்நிகர் காட்சிகள் உருவாக்கும் நிறுவனத்தில் அவள் தயாரிப்பாளர். அந்தச் சொல்லைக் கேட்டு, பக்கத்து வீட்டுக்காரர் தன் மகனின் புகைப்படத்தோடு வந்து நின்றிருக்கிறார்: “பையன் நல்லா நடிப்பாம்மா. ஒரு சான்ஸ் குடுத்துப் பாருங்க.”

“நான் படத்துக்குப் பணம் போடுறவ இல்லண்ணே. நாற்காலி போடுறவ.”

பொய்யில்லை. வாடிக்கையாளரிடம் பேசுவது, இடத்தை அளப்பது, கணினிப் பிள்ளைகளை விரட்டி வேலை வாங்குவது, சொன்ன தேதியில் முடிப்பது, பார்க்க வருகிறவர்களுக்கு நாற்காலி போடுவது, அவர்கள் போனபின் கருவியில் ஒட்டிய வியர்வையைத் துடைப்பது எல்லாம் அவள்தான்.

புதிதாகச் செய்த எந்தக் காட்சிக்குள்ளும் முதலில் போகிறவளும் அவளே. காட்டில் பறவை சரியான பக்கமிருந்து கத்துகிறதா, மாடிப்படி பாதியில் அந்தரத்தில் நிற்கிறதா என்று தனியாக அலைந்து பார்ப்பாள். “ஆளில்லாத ஊருக்கெல்லாம் நான்தான் முதல் ஆளு” என்று சிரிப்பாள். கருவியைக் கழற்றும்போது அறையிலும் ஆள் இருக்காது. எல்லாரும் சாப்பிடப் போயிருப்பார்கள். தரையில் நாடா ஒட்டி எல்லை குறித்த பெரிய சதுரத்தின் நடுவில் உட்கார்ந்து சாப்பாட்டைத் திறப்பாள்.

வயது நாற்பத்தெட்டு. ஒற்றை அறை வீடு. ஞாயிற்றுக்கிழமை தங்கை அழைப்பாள். “சாப்பிட்டியாக்கா? உடம்பு நல்லா இருக்கில்ல? இரு, இவரு கூப்பிடறாரு, அப்புறம் பேசறேன்.” அந்த அப்புறம் அடுத்த ஞாயிறு. ஒருமுறை சாலையைக் கடக்கும்போது முன்னால் தள்ளாடி நடந்த முதியவருக்குப் பின்னால் அவள் கை தானாக விரிந்துவிட்டது. அவர் திரும்பிப் பார்த்து, சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். “நல்லவேளை, கூச்சல் போடல” என்று அதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். சிரிப்பு சீக்கிரம் நின்றுவிடுகிறது.

அண்மையில் ஒரு பெயின்ட் தொழிற்சாலை வேலை வந்தது. தீப்பிடித்தால் எப்படி வெளியேறுவது என்று தொழிலாளிகளுக்குக் கருவிக்குள் பயிற்சி. அவள் அளவுநாடாவோடு போய் ஒவ்வொரு மூலையும் அளந்தாள். பொட்டலம் கட்டும் பிரிவில், அவசரக் கதவை மறைத்துப் பன்னிரண்டு டிரம் நின்றன. அங்கே வேலை செய்யும் பெண்ணைக் கேட்டாள்.

“அதுவா மேடம்? போன வருஷத்துலேருந்து அங்கேதான் கெடக்கு. எங்களுக்கு அதான் சாப்பாட்டு மேசை.”

அளந்ததை அளந்தபடியே காட்சியில் வைத்தாள். தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி வந்து பார்த்து முகம் சுளித்தார்.

“டிரம்மை எடுத்துடுங்க மேடம். பார்க்க நல்லா இல்ல.”

“நீங்க அங்க எடுங்க சார். நான் இங்க எடுத்துடறேன்.”

“அங்க வேற எடமில்ல மேடம்.”

“தீப்பிடிச்சா முப்பத்தாறு பேர் அந்தக் கதவை நம்பித்தானே ஓடணும் சார்?”

அதிகாரி நேரே அவளுடைய முதலாளியிடம் போனார். முதலாளி, “நமக்கெதுக்கும்மா ஊர் வம்பு?” என்றார். கணினி முன்னால் இருந்த பையன் தலை நிமிராமல், “ஒரே தட்டுதாங்க்கா” என்றான். தட்டினான். பன்னிரண்டு டிரம்மும் மறைந்தன.

நாளை அங்கே தீப்பிடித்தால் விதி என்பார்கள். விதிக்கு டிரம் அடுக்கத் தெரியாது. அடுக்கச் சொன்னவருக்கு ஒரு பதவி உண்டு, மேசை உண்டு, கையெழுத்து உண்டு. செத்தவர்கள் மீது பழிபோட ஒரு சான்றும் இப்போது தயார்: பயிற்சி கொடுத்தோமே, வழி காட்டினோமே!

வேலையைப் பார்த்து ஒப்புக்கொள்ள தொழிற்சாலை மேலாளரே வந்தார். கூடத்தில் ஒட்டிய நாடாவும் காட்சிக்குள் இருக்கும் அறையும் ஒரே அளவு. இங்கே எடுத்து வைக்கும் அடிதான் அங்கேயும். அவர் வருவதற்கு முன் அவள் தரையைப் பெருக்கினாள். ஒரு பேனா மூடி கிடந்தது, எடுத்தாள். பதினொரு வருடத்தில் அவள் கூடத்தில் ஒருவரும் இடறியதில்லை.

மேலாளர் கருவியை மாட்டிக்கொண்டார். காட்சிக்குள் புகை சூழ்ந்தது. முதலாளியும் அதிகாரியும் மேலாளர் காண்பதைக் காட்டும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையில் வழி துப்புரவாக இருந்தது. அவள் சுவரோரம் போனாள். பிளாஸ்டிக் நாற்காலிகள் மூன்றைச் சத்தமில்லாமல் தூக்கி வந்து, டிரம்கள் நிற்க வேண்டிய இடத்தில் வரிசையாகப் போட்டாள். பிறகு தன் இடத்துக்கு, மேலாளருக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“அட, கதவு நல்லாத் தெரியுதே!” என்று அவர் வேகமாக எட்டு வைத்தார். முழங்கால் நாற்காலியில் இடித்தது. “ஐயோ! என்னய்யா இது? எதிர்ல ஒண்ணுமே தெரியலியே!”

“டிரம், சார்” என்றாள். “உங்க கதவுக்கு முன்னால நிக்குதே, அதுதான். படத்துல மட்டும் எடுத்தாச்சு.”

திரையிலிருந்து இரண்டு தலைகள் திரும்பின. மேலாளர் பின்பக்கமாகத் தடுமாறினார். விரிந்திருந்த கை அவர் முதுகைத் தாங்கிப் பிடித்தது. அவர் கால் ஊன்றி நிமிர்ந்ததும் அந்தக் கை விலகி, மறுபடி ஒரு சாண் பின்னால், விரிந்தபடியே நின்றது.