இரண்டு விரல் குறைந்த மட்கார்டு

டிங்கரிங் பட்டறையில் சுத்தியலோடு நிற்பது ஒரு பெண் என்று பார்த்ததும் திரும்பிப் போனவர்கள் உண்டு. போன வேகத்தில் திரும்பி வந்தவர்களும் உண்டு. எல்லோருக்கும் அவர் டிங்கர் அக்கா. அவர் செருமினாலே நெளிந்த தகடு தானே நிமிர்ந்து உட்காரும் என்பார்கள். அதில் பாதியாவது நிஜம்.

ஒரு நாள் பல் டாக்டர் ஒருவர், தான் புதிதாக வாங்கிய பழங்காரோடு வந்தார்.

“அக்கா, இந்த பாடியைக் கழட்டிப் போட்டுட்டு, கம்பெனி போட்ட மாதிரியே புதுசா அடிச்சுக் குடுங்க. இது ஒரிஜினல் இல்லைன்னு பழங்கார் சங்கத்துல சொல்லிட்டாங்க. இடது மட்கார்டு வலதைவிட ரெண்டு விரல் குட்டை. எவனோ குடிச்சிட்டு அடிச்சிருக்கான்.”

அக்கா கதவை விரல் முட்டியால் தட்டினார். தட்டிய கை அப்படியே நின்றது. தான் வளைத்த தகட்டின் குரல் தனக்குத் தெரியாதா?

“எவனோ இல்ல தம்பி, எவளோ. குடிக்கவும் இல்ல. நிறைமாசம்.”

முப்பத்தோரு வருடத்துக்கு முன் மரம் விழுந்து சப்பையாகிப்போன கார் அது. எல்லாப் பட்டறைகளும் கையை விரித்தபோது, அக்கா வயிற்றைத் தள்ளிக்கொண்டு நாற்பது நாளில் முழு பாடியையும் அடித்தார். டேப் எல்லாம் அவருக்கு ஆகாது, சாண்தான். முதல் வாரம் வலது மட்கார்டு ஐந்து சாண். கடைசி வாரம் இடதும் அதே ஐந்து சாண். நடுவில் கை வீங்கிப்போனதை மட்டும் மறந்துவிட்டார். வீங்கின கை விரியுமா?

“கதை விடாதீங்க அக்கா!”

“அடியே, இங்க வா!”

உள்ளிருந்து அசைந்து வந்தவள், அன்று அந்த வயிற்றில் இருந்த மகள். இப்போது அவளுக்கே நிறைமாதம். விரல் ஒவ்வொன்றும் பன் மாதிரி. மூச்சு வாங்க இடது மட்கார்டில் சாண் போட்டாள். ஐந்தாவது சாணில் சுண்டுவிரல் விளிம்பில் கச்சிதமாய் உட்கார்ந்தது. வலதில் போட்டாள். இரண்டு விரல் மிச்சம்.

ஊர் வாயையெல்லாம் திறக்கச் சொல்லும் டாக்டர், தன் வாயை மூட மறந்தார்.

“கம்பெனி பாடி இந்தக் காருல இருந்தது ஒம்பது வருஷம். என்னுது முப்பத்தொண்ணு. என் பொண்ணோட கூடப் பொறந்தது. வெட்டணும்னா வேற ஆளைப் பாருங்க.”

“சங்கத்துக் கண்காட்சி வருது. போட்டியில சேர்க்க மாட்டாங்களே?”

“நிக்கவாவது இடம் குடுப்பாங்கல்ல?”

டாக்டர் காரை இரண்டு சுற்று சுற்றினார். “சரி, பெயின்ட் மட்டும் அடிங்க.”

கண்காட்சியில் கார் கடைசி வரிசையில் நின்றது. பரிசு இல்லை. முன்னால் ஓர் அட்டை: ‘பாடி: டிங்கர் அக்கா. இடது மட்கார்டு: ஐந்து சாண்.’ பரிசு வாங்கிய கார்களை விட்டுவிட்டு, சாண் போட்டுப் பார்க்க இங்கே வரிசை கட்டியது கூட்டம். சங்கத் தலைவரும் வரிசையில் நின்று தோற்றார்.

“ஒருத்தருக்கும் சரியா வரலையே அக்கா!” என்றார் டாக்டர்.

கூட வந்திருந்த அக்கா இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார். “எப்படி வரும்? அதுக்கு ஒம்பது மாசம் ஆகும்.”