தைலமரச் சருகும் முளைக்காத கொழுக்கட்டைப் புல்லும்

ஆடி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மனைவியும் ஹொஸ்கோட்டே பக்கம் போய் வந்தோம். ஊர் சுற்ற அல்ல. அங்கே மாடு வைத்திருக்கும் அவள் தம்பி முருகேசன், "புதன்கிழமை தரகர் வர்றார் மாமா, ரெண்டு பசுவையும் குடுத்துடப் போறேன்" என்று போன் செய்திருந்தான். மேய்ச்சலுக்கு விதைத்த கொழுக்கட்டைப் புல் இரண்டு தடவையும் முளைக்கவில்லை. தீவனம் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. அவன் மனைவி செல்விக்கோ விற்க மனசே இல்லை.

ஜோகுபாளையத்தில் எனக்குச் சின்ன டீக்கடை. காலை வியாபாரத்தை முடித்துவிட்டுச் சிவாஜிநகரில் பஸ் ஏறினோம். இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், ஒன்றேகால் மணி நேரம். பெண்களுக்கு டிக்கெட் இலவசம். அதனால் மனைவி ஜன்னலோரம் ராணி மாதிரி உட்கார்ந்து வந்தாள், காசு கொடுத்த நான் கம்பியைப் பிடித்து நின்றேன்.

இறங்கி ஆட்டோவில் ஆறு கிலோமீட்டர். வழியில் ஒரு தைலமரத் தோப்பு. வரப்புக்கு இந்தப் பக்கம் புல் முழங்கால் உயரம், தோப்புக்குள் தரை மொட்டையாகக் கிடந்தது. ஆட்டோக்காரரிடம் கேட்டேன். "ஆடு மேய்க்கிறவங்க அதுக்குள்ள போகவே மாட்டாங்கண்ணா" என்றார்.

மச்சானின் மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்தால் தைல வாசனை.

"மாட்டுக்குச் சளியா மச்சான்?"

"கிண்டல் பண்ணாதீங்க மாமா. கொசுவுக்காகத் தைலமரச் சருகு பரப்பியிருக்கேன். நிம்மதியாப் படுக்குதுங்க."

"கூட்டி அள்ளினதை எங்க போடுற?"

"சாணியோட சேர்த்துப் புல்லுக்குத்தான்."

செல்வி நிமிர்ந்து பார்த்தாள். "போன வருஷம் வைக்கோல் பரப்பினப்ப நல்லாத்தானே முளைச்சுது?"

நிலத்துக்குப் போனோம். எரு போய்ச் சேராத ஒரு மூலையில் மட்டும் நாலைந்து குத்துப் புல் செழிப்பாக நின்றது. மற்ற இடமெல்லாம் அந்தத் தோப்புத் தரை மாதிரியே மொட்டை. அதுவரை விதைக்கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்த மச்சான் குனிந்து எருவிலிருந்து ஒரு சருகை எடுத்து முகர்ந்து பார்த்தான்.

"மாட்டுக்குக் கொசுவலை கட்டின, புல்லுக்குப் பாடை கட்டின" என்றேன். என் மனைவி முறைத்தாள்.

"தரகருக்குப் போன் போடுங்க, வர வேணாம்னு. இந்த எருவை அள்ளிட்டு மறுபடி விதைப்போம்" என்றாள் செல்வி.

"இந்தத் தடவையும் முளைக்கலன்னா?"

"அப்ப வித்துக்கலாம். மாடு எங்கயும் ஓடிடாது."

அன்று சாயங்காலம் வரை நால்வரும் மேல் எருவை வழித்து அள்ளினோம். என் இடுப்பு போயே போச்சு.

நான் மூணாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் சொல்கிறேன்: அந்தச் சருகில் இருக்கும் ஏதோ ஒரு சாறு மண்ணில் இறங்கி, பக்கத்துப் புல்லை எழ விடுவதில்லை. பல மாதம் தனிக் குழியில் மட்கவிட்டால் வீரியம் குறையும். அந்தப் பக்கம் போனால் தோப்பு நிழலில் தாராளமாகச் சோறு சாப்பிடுங்கள். சருகை மட்டும் வாரி வந்து தொட்டிச் செடிக்குப் போடாதீர்கள். காலையில் போனால் பஸ்ஸில் கூட்டம் குறைவு, தண்ணீர் கையோடு இருக்கட்டும்.

புரட்டாசி கடைசியில் மறுபடி போனேன். காரணத்தைத் தானே கண்டுபிடித்ததாக மச்சான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். சொல்லிக்கொள்ளட்டும். இடுப்பளவு புல்லுக்குள் இரண்டு பசுக்களும் நின்றன. செல்வி பேர் சொல்லிக் கூப்பிட்டாள். இரண்டும் தலையைத் தூக்கவே இல்லை.