கயிறு அவிழ்த்த மறுநாள்

எங்கள் ஊர்க் காளியம்மன் கோயிலில் குடியை விடக் கயிறு கட்டுவார்கள். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, நாற்பத்தெட்டு நாள் குடிப்பதில்லை என்று அம்மன் முன்னால் சத்தியம். என் மகன் முருகானந்தம் ஆறு தடவை கட்டினான். நாற்பத்தெட்டு நாளும் ஆள் தங்கம். மறுநாள் காலையில் கயிற்றை அவிழ்த்து வேப்பமரத்தில் கட்டுவான். பொழுது சாய்வதற்குள் விட்டதையெல்லாம் சேர்த்துக் குடித்துவிடுவான்.

தப்பு என்னுடையதும்தான். அவன் அறுப்பு மிஷின் ஓட்டுகிறவன். அதனால் குறுவை அறுப்புக்கு ஒரு கயிறு, சம்பா அறுப்புக்கு ஒரு கயிறு என்று நாள் பார்த்துக் கட்ட வைத்தவள் நான். அம்மனிடம் வேலையாளைத்தான் கேட்டிருக்கிறேன். பிள்ளையைக் கேட்கவில்லை.

போன வைகாசியில் ரத்தமாக வாந்தி எடுத்து வாய்க்கால் கரையில் விழுந்து கிடந்தான். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்: “இனிமே ஒரு வாய் குடிச்சாலும் எங்க கையில இல்லம்மா.” மருமகள் கலா பேத்தியை அழைத்துக்கொண்டு ஒரத்தநாட்டில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் தடுக்கவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் அதற்கு முந்தின பஸ்ஸிலேயே போயிருப்பேன்.

ஒரு மாதம் வீட்டில் அடங்கிக் கிடந்தான். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலையே பார்க்க ஆரம்பித்தான். பிராந்திக்கடைக்குக் கிளம்புகிறவன் பார்வை அது, எனக்குத் தெரியும்.

அன்றைக்குத்தான் எங்கள் வாய்க்காலுக்குப் புதுத் தண்ணீர் வந்தது. நுரையும் சருகுமாக, யாரையோ தேடுகிற மாதிரி மெதுவாக வந்தது. அதைப் பார்த்தபடி கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தேன். தூங்கினேனா, விழித்திருந்தேனா, எனக்கே தெரியாது. “ஆத்தா, இனிமே நாள் கணக்கு வேணாம். ஒனக்கு முடியலன்னா முடிஞ்சவங்களயாவது காட்டு” என்று வாய் முணுமுணுத்தது.

“பொங்கல் சாப்பிடுங்கம்மா” என்று ஒரு குரல். கண்ணைத் திறந்தால் முன்பின் பார்க்காத ஒருவர், கையில் தூக்குவாளியுடன் நிற்கிறார்.

“என்ன விசேஷம் தம்பி?”

“குடிய விட்டு இன்னையோட ஒரு வருஷம்.”

“எந்தக் கோயில் கயிறு?”

“கயிறு இல்லம்மா, கூட்டம். குடிச்சவங்களே சேர்ந்து உக்காந்து பேசுவோம். காசு கிடையாது, ஊர் பேர் கேக்க மாட்டாங்க.”

தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூடத்துப் பின்கட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். சுருக்குப்பையில் புகையிலையோடு முடிந்துகொண்டேன்.

மகனிடம் சொன்னேன். “மொதல்ல நீ போயிட்டு வா” என்றான். கேலிக்குத்தான் சொன்னான். நான் போய்விட்டேன்.

பன்னிரண்டு பேர் இருப்பார்கள். ஃபேன் காற்றில் ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒருத்தர் பேசும்போது யாரும் குறுக்கே விழவில்லை. அந்தக் குரல்கள் வயலுக்குள் தண்ணீர் பாய்கிற சத்தம் மாதிரி இருந்தன. எந்தக் கதையைக் கேட்டாலும் அதில் என் மகன் இருந்தான். டீ கொடுத்த பெரியவர் கேட்டார்: “ஒங்களுக்கு எத்தன வருஷமாப் பழக்கம்மா?”

“அம்பது வருஷமா” என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“பொகையெல” என்றேன். சிரித்துவிட்டார்கள்.

பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. “இன்னைக்கு ஒரு நாள் விட்டுப் பாருங்களேன்.”

“நாளைக்கு?”

“நாளைக்கு வரட்டும், அப்ப பாத்துக்கலாம்.”

நாற்பத்தெட்டு கேட்டவளுக்கு அம்மன் ஒன்றைக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து புகையிலையைக் குப்பையில் கொட்டினேன். மூன்றாம் நாள் கையில் டம்ளர் நிற்கவில்லை. முருகானந்தம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“என்னம்மா, கை இப்புடி நடுங்குது?”

“ஒனக்குத் தெரியாததாடா?”

ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் நின்றான்.

அப்புறம் எல்லாம் நேராகிவிட்டது என்று சொன்னால் அம்மன் என் நாக்கை அறுப்பாள். ஐப்பசி மழையில் ஒரு நாள் கடை வாசல் வரைக்கும் போய்விட்டான். அங்கிருந்தே, எனக்குப் பொங்கல் கொடுத்த அந்தக் கூட்டத்துக்காரருக்குப் போன் போட்டிருக்கிறான். அவர் நனைந்துகொண்டே வந்து டீ வாங்கிக் கொடுத்து, வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

தை மாதம் கலா பேத்தியோடு வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. அவன் மணிக்கட்டைப் பார்த்தாள்.

“கயிறக் காணும். இந்தத் தடவ எது வரைக்கும்?”

“இன்னைக்கு வரைக்கும்” என்றான்.

அவள் கையிலிருந்த பையை உள்ளே வைத்துவிட்டு உலை வைக்கப் போனாள்.

அம்மனை நம்புகிறவர்களே, உங்கள் வீட்டிலும் ஒருவன் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தால், அம்மனிடம் கேளுங்கள், வழி காட்டுவாள். அவன் வர மாட்டேன் என்றால் நீங்கள் முதலில் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். எத்தனை வருஷம் என்று கேட்டால் கூச்சப்படாதீர்கள். என் சுருக்குப்பையில் இப்போது ஏலக்காய்தான் இருக்கிறது. இன்றைக்கு வரைக்கும்.