கத்தரிப் பாத்தியில் ஒரு அம்மன்

பக்கத்து வீட்டு நல்லம்மாவின் செவலைக் கோழி என் கத்தரி நாற்றையெல்லாம் கிளறித் தள்ளுகிறது. அதை விரட்டத்தான் இன்று காலை பிள்ளைகளோடு ஒரு பொம்மை செய்தேன்.

வாய் உடைந்த பானை, வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பு, அடுப்புக்கரி, என் கிழிந்த சேலை. காலணா செலவில்லை.

"நெத்தி மூளியா இருக்குதுங்கம்மா" என்றாள் மகள்.

திருச்செங்கோட்டு மலைப் பக்கம் கும்பிட்டுத் திருநீறு பூசினேன். குங்குமமும் வைத்தேன்.

மத்தியானம் பார்த்தால் வேலியோரம் நல்லம்மா கைகூப்பி நிற்கிறாள்.

"தாயே, பையனுக்குக் காச்சல் எறங்கட்டும். என்ற செவலக் கோழிய உனக்கே உட்டுடறேன்."

கண்ணீரோடு நிற்பவளிடம் அது பானை என்று எப்படிச் சொல்வது?

சாயங்காலம் காய்ச்சல் இறங்கிவிட்டது. கோழியைக் கொண்டுவந்து பாத்தியிலேயே விட்டாள்.

"நேந்து உட்ட கோழிங்க. கோயில் நோம்பி வரைக்கும் ஆரும் முடுக்கித் தொரத்தக் கூடாதுங்க."

இப்போது அது அம்மன் காலடியில் நிம்மதியாக நாற்றைக் கிளறுகிறது. பையன் எழுந்து கஞ்சி குடித்தானாம், அது போதும்.

நாளை மிளகாய்ப் பாத்திக்கும் ஒரு பொம்மை செய்யலாம் என்கிறார்கள் பிள்ளைகள். இம்முறை நெற்றியை வெறுமனே விட்டுவிட வேண்டும். உங்களுக்கென்றால் மனம் வருமா, சொல்லுங்கள்.