மறைத்து வைத்த சிகிச்சை அட்டையுடன் காஜா பெராங்கிற்கு

கடந்த மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை ஈப்போவிலிருந்து மலாக்காவின் காஜா பெராங்கிற்குக் கிளம்பினேன். கோட்டையையும் ஆற்றையும் பார்ப்பதற்காக அல்ல. என் மகள் கௌரியின் மருத்துவரிடம் ஓர் அட்டையைக் கொடுப்பதற்காக. சிறு வயதில் இரத்தப் புற்றுநோய் வந்து பிழைத்த பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால், இப்படியொரு பயணம் உங்களுக்கும் தேவைப்படலாம்.

கௌரிக்கு அந்த நோய் ஐந்து வயதில் வந்தது. மலாயா சுதந்திரம் அடைந்த ஆண்டில் நான் கான்வென்டில் ஐந்தாம் வகுப்பு படித்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்த பெண்ணுக்கு அதே நோய். பள்ளித் தவணை முடிவதற்குள் அவளுடைய நாற்காலியை எடுத்துவிட்டார்கள். அப்போது யாரும் பிழைத்ததாக நான் கேள்விப்படவில்லை. கௌரியின் காலத்தில் மருந்து வந்திருந்தது. கோலாலம்பூரில் இரண்டரை ஆண்டுகள் ஊசி, மாத்திரை, தலைக்குக் கதிர்வீச்சு. பிழைத்தாள்.

பிழைத்ததும் நோயின் பெயரை நான் வீட்டில் தடைசெய்தேன். 'இரத்தத்தில் சீக்கு' என்ற பேச்சு ஒருமுறை வெளியே போய்விட்டால் அவளுக்கு மட்டுமல்ல, அவள் அண்ணனுக்கும் வரன் அமையாது. டைபாய்டு என்று ஊருக்குச் சொன்னோம். வளர்ந்தபின் அவளிடமும் அதையேதான் சொன்னோம். பெண் பார்க்க வந்த சம்பந்தியம்மாள் நேராகக் கேட்டபோதும், ஒன்றுமில்லை என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். மருத்துவமனை கொடுத்த சிகிச்சை அட்டையைக் கிழிக்க மட்டும் மனம் வரவில்லை. அரசாங்கத் தாள் எதையும் கிழிக்கும் பழக்கம் எனக்கு இல்லை. என் பள்ளிச் சான்றிதழ்களோடு ஓர் உறையில் கிடந்தது.

இப்போது அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. முப்பத்தொன்றிலேயே சர்க்கரை நோய். பிறகு இரத்த அழுத்தம், கொழுப்பு, ஈரலிலும் கொழுப்பு. சமீபத்தில் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. சிறு வயதில் கடுமையான மருந்தோ கதிர்வீச்சோ எடுத்ததுண்டா என்று புதிய மருத்துவர் கேட்டிருக்கிறார். டைபாய்டு தவிர ஒன்றுமில்லையே என்று கௌரி தொலைபேசியில் என்னிடம் உறுதி கேட்டாள். "ஆமாம், டைபாய்டுதான்" என்றேன். பதினோரு நாள் கழித்துப் பயணச்சீட்டு வாங்கினேன்.

ஈப்போ அமான்ஜெயா நிலையத்தில் காலை எட்டு மணிப் பேருந்து. கட்டணம் ஐம்பத்திரண்டு ரிங்கிட். கிளம்பியது எட்டு இருபத்திரண்டுக்கு. மன்னிப்புக் கேட்க ஒருவரும் இல்லை. ஏறக்குறைய முந்நூற்றைம்பது கிலோமீட்டர் தூரம். வழியில் ஒரே ஓய்வு, இருபது நிமிடம். கழிப்பறைக்குச் சொந்தமாகத் தாளும் சோப்பும் கொண்டுபோங்கள். வயதானவர்கள் இடது பக்க இருக்கை வாங்குவது நல்லது, மதிய வெயில் படாது. மலாக்கா சென்ட்ரலில் இறங்கியபோது மணி இரண்டே கால்.

அங்கிருந்து காஜா பெராங்கிற்கு மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். வாடகைக் காருக்கு எட்டு ரிங்கிட். ஓட்டுநர் மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன் குடியேறிய தமிழர் வழி. நெற்றியில் திருநீறு, பேச்சு முழுக்க மலாய். பேரப்பிள்ளையைப் பார்க்கவா என்று கேட்டார். மகளுக்குச் சர்க்கரை நோய் என்றேன். தங்கள் சந்தில் சர்க்கரை இல்லாதவனைத்தான் எல்லோரும் விசாரிக்கிறார்கள் என்றார். நான் சிரிக்கவில்லை.

கௌரியின் வீட்டில் சம்பந்தியம்மாள் நாற்காலி போடும்போதே தொடங்கிவிட்டார். "வாங்க சம்பந்தி. நீங்களாவது சொல்லுங்க ஒங்க மகளுக்கு. நாசி லெமாக் சோத்த கண்டா கை நிக்காது லா. டாக்டர் ஒரு பக்கம் கத்துறாங்க, நான் ஒரு பக்கம் கத்துறேன்."

"பார்த்தாலே எனக்கு எடை ஏறிடும் அத்தை, தின்னவே வேணாம்," என்றாள் கௌரி.

முன்பெல்லாம் இந்தப் பேச்சில் நானும் சேர்ந்துகொள்வேன். அன்று தண்ணீர் மட்டும் கேட்டேன். அந்தக் கூடத்திலேயே சொல்லியிருக்கலாம். நாளை மருத்துவரிடம் நானும் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

மருத்துவரின் கிளினிக் புக்கிட் காதில் என்ற ஊருக்குப் போகும் வழியில், வீட்டிலிருந்து ஏழு கிலோமீட்டர். மாப்பிள்ளை மணியம் காரோட்டினார். ஏழரைக்குள் போனால் எண் சீக்கிரம் கிடைக்கும். நாங்கள் எட்டுக்குப் போய்ப் பத்தே முக்கால்வரை காத்திருந்தோம். மருத்துவர் நம் தமிழ்ப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். அட்டையை அவர் மேசையில் வைத்து, டைபாய்டு இல்லை, இரத்தப் புற்றுநோய் என்று சொன்னேன். மணியம் கௌரியைப் பார்த்தார். கௌரி அட்டையைப் பார்த்தாள்.

மருத்துவர் இரண்டு பக்கமும் நிதானமாகப் படித்தார். பிறகு என்னிடம் பேசாமல் கௌரியிடம் பேசினார். தலைக்குக் கதிர்வீச்சு எடுத்த பிள்ளைகளில் பலருக்குப் பசியையும் வளர்ச்சியையும் நடத்தும் சுரப்பிகள் பாதிக்கப்படுமாம். உயரம் குறையலாம், இடுப்பில் சதை போடலாம், சர்க்கரையும் கொழுப்பும் சிறு வயதிலேயே வரலாம். எல்லாமே அதனால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் வாயைக் கட்டாததால் மட்டும் வந்தது என்று சொல்வது தவறு என்றார். அட்டையில் இருந்த ஒரு மருந்தின் பெயரைப் பேனாவால் சுட்டிக்காட்டினார். அது இதயத் தசையைப் பலவீனமாக்கக்கூடியது. எத்தனை ஆண்டுகள் கழித்தும் அது வெளிப்படலாம். இந்தத் தாள் இருந்திருந்தால் எக்கோ பரிசோதனையை எப்போதோ தொடங்கியிருப்பார்களாம்.

அன்றே எக்கோ எடுத்தார்கள். இதயம் இரத்தத்தைத் தள்ளும் வலு குறைந்திருந்தது. மாத்திரை உண்டு, கவனித்துக்கொள்ளலாம், ஆனால் பழைய நிலைக்கு வரும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

வெளியே நாற்காலி வரிசையில் உட்கார்ந்திருந்தபோதுதான் கௌரி என்னிடம் பேசினாள்.

"பசிக்குதுன்னு அழுவேன். அலமாரிய பூட்டி சாவிய சேலையில முடிஞ்சுக்குவீங்க. திருட்டுத் தீனி தின்னுறன்னு அண்ணன் முன்னாடி அடிச்சீங்க. அப்பவே தெரியுமா ஒங்களுக்கு?"

நோய் வந்தது தெரியும், பசிக்கு அது காரணம் என்று தெரியாது என்றேன். அது உண்மை.

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்," என்றாள்.

அதுவும் உண்மை. தொடர்ந்து பரிசோதனைக்கு வரச் சொல்லி கோலாலம்பூரிலிருந்து வந்த மூன்று கடிதங்களுக்கும் நான் பதில் போடவில்லை. தபால்காரருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தேன்.

வீடு திரும்பியதும் மணியம் தன் தாயிடம் எல்லாவற்றையும் சொன்னார். சம்பந்தியம்மாள் என்னைக் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் கௌரியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "இத்தன வருசமா நானும் ஒன்ன குத்திக் காட்டுனேனே, தாயி" என்றார். மறுநாள் காலை ஒன்பது மணிப் பேருந்தில் கிளம்பினேன்.

இனி, போகிறவர்களுக்கு. சிகிச்சை அட்டை இருந்தால் மூன்று நகல் எடுங்கள். மூலத்தைப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள். அட்டை இல்லையென்றால் சிகிச்சை பெற்ற மருத்துவமனைக்கு எழுதிக் கேளுங்கள், பழைய பதிவுகளை எல்லா இடத்திலும் வைத்திருக்கமாட்டார்கள், தாமதிக்காதீர்கள். கதிர்வீச்சு உண்டா, எங்கே, என்னென்ன மருந்து, எவ்வளவு என்பவைதான் மருத்துவருக்கு முக்கியம். சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம், இடுப்பளவு, இதயம் ஆகியவற்றை எத்தனை நாளுக்கொருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரச் சொன்னால், முடிந்தபின் சாப்பிட ஏதாவது கையில் இருக்கட்டும். நோயின் பெயரைப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதுக்குள் சொல்லிவிடுங்கள். வரன் போனால் போகட்டும்.

நான் கிளம்பியபோது கௌரி வாசல்வரை வந்தாள். இனி தன்னைப் பார்க்க வர வேண்டாம், ஏதாவது என்றால் அண்ணனிடம் சொல்லி அனுப்புவதாகச் சொன்னாள். ஆகவே மேலே கொடுத்துள்ள பேருந்து நேரமும் கட்டணமும் மாறினால் என்னால் இங்கே திருத்த முடியாது. கிளம்புமுன் நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.