நீளம் தாண்டும் குழி

மார்கழி முடியப்போகிற ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கு விடுமுறை. பொங்கல் கழிந்ததும் விளையாட்டு விழா என்பதால், உத்திரமேரூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்துவிட்டேன். அந்தக் கிராமத்துப் பள்ளிக்கு நான்தான் உடற்கல்வி ஆசிரியை. ஏரிப் பக்கமிருந்து வந்த பனி மைதானத்தையே மூடியிருந்தது. கோல் போஸ்ட்டின் மேல்கம்பி மட்டும் எதிலும் ஒட்டாமல் மிதந்துகொண்டிருந்தது.

பள்ளியைப் பெருக்கித் துடைக்கிற அக்கா எனக்கு முன்பே வந்து, நீளம் தாண்டும் குழியருகே மண்வெட்டியோடு நின்றார். ஏரிக்கரைக் குடிசைகளிலிருந்து வருபவர். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர்.

"இன்னா டீச்சர், மணலு கல்லாட்டம் கீது?"

மழை அப்படி இறுக்கிவிட்டிருந்தது. அவர் வெட்டிப் போட, நான் சலித்தேன். பாட்டில் சில்லுகள், வளையல் துண்டு, பேனா மூடி, யாருடையதோ ஒரு பால்பல். சலிக்கிற சத்தத்தைக் கேட்கக் கேட்க, தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்றே தெரியவில்லை.

பலகையால் மணலைச் சமன் செய்து முடித்தேன். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒருவாட்டி தாண்டிப் பாக்கட்டுமா?"

"படிக்கும்போது தாண்டினதில்லையாக்கா?"

"எங்க? மூணாவதோட செங்கல் சூளைக்கு இட்டுக்கினு பூட்டாங்க. இங்க புள்ளைங்க தாண்டறப்ப தொடப்பத்தப் புடிச்சிக்கினு பாத்துக்கினே நிப்பேன்."

பலகையை ஓரமாக வைத்தேன். "ஓடி வாங்க" என்றேன்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பனிக்குள் நடந்து போனார். ஆள் தெரியவில்லை. காலடிச் சத்தம் மட்டும் நெருங்கிவந்தது. சட்டென்று வெண்மையிலிருந்து வெளிப்பட்டு, கைகளை விரித்தபடி மேலே எழும்பினார். கீழே வர அவருக்கு அவசரமே இல்லாததுபோல் இருந்தது.

மணலில் உட்கார்ந்தவாக்கில் விழுந்தார். பயந்து ஓடினேன். அவரோ குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பழக்கதோஷத்தில் டேப்பை எடுத்தேன்.

"அளக்கறதெல்லாம் வாணாம் டீச்சர். இன்னொருவாட்டி தாண்டறேன்."

அவர் தாண்டத் தாண்ட நான் மணலை இழுத்துச் சமன் செய்துகொண்டே இருந்தேன். பிறகு ஷூவைக் கழற்றிவிட்டு நானும் ஓடினேன். எத்தனையோ வருஷமாகச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு மட்டுமே இருந்தவள். முந்தின நாள் வெயிலில் மணல் உள்ளே இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

வெயில் ஏறி, பனி விலகி, ரோட்டில் பால் வண்டி தெரிந்ததும் அக்கா புடவையை உதறிக்கொண்டு எழுந்தார். குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து, மணல் பறக்காமலிருக்கக் கையால் அள்ளி அள்ளித் தெளித்தார்.




திங்கட்கிழமை பிள்ளைகள் வரிசையில் நின்று தாண்டினார்கள். வராந்தாவிலிருந்து அக்கா கத்தினார்: "இன்னும் எயும்புடி, கண்ணு!"